சியோலில் வாசித்த பெயர்களும் குற்றாலம் போன வேனும்

தம்பி,

நீ போன வாரம் அனுப்பிய குரல் பதிவைப் பத்து தடவையாவது கேட்டிருப்பேன். கொரியாவில் விசாவை நீட்டித்துவிட்டார்கள், ஆவணியில் சூஜினோடு வந்து இறங்குகிறாய், திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டுகிறாய். கேட்கக் கேட்க வயிறு குளிர்ந்தது. கடைசியில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். "கல்யாணம் முடிஞ்ச மறுநாளே சூஜினக் குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்மா. நான் சின்னப்புள்ளையா இருக்கப்ப வேன்ல போனோம்ல, அந்த லாட்ஜ் இன்னும் இருக்கான்னு அப்பாட்ட கேளு. என் வாழ்க்கையிலயே பெஸ்ட் டூர் அதுதான்னு அவகிட்ட சொல்லிவச்சிருக்கேன்." அந்த இடம் வரும்போதெல்லாம் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்தக் குற்றாலப் பயணத்தைப் பற்றி உனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. இருபது வருஷமாக மறைத்துவிட்டேன். அதை நீ சூஜினிடம் அருவிக்கரையில் நின்று பெருமையாகச் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்லியாக வேண்டும். ஃபோனில் சொல்ல வராது. பாதியில் நீ "சரி விடும்மா" என்பாய், நானும் அதுதான் சாக்கென்று விட்டுவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்து முடித்ததும் உன் அம்மா இப்படிப்பட்டவளா என்று உனக்குத் தோன்றலாம். அந்தப் பயம்தான் இத்தனை காலம் என் வாயைக் கட்டிவைத்திருந்தது. சூஜினுக்கும் படித்துச் சொல். மருமகளாக வரப்போகிறவளுக்கு மாமியாரின் லட்சணம் முன்கூட்டியே தெரிந்துவிடுவது நல்லது. ஊரே படித்தாலும் எனக்கு இனிமேல் ஆட்சேபணை இல்லை.

போன கார்த்திகையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. விளக்கேற்றிவிட்டு, குக்கரில் அரிசி வைத்துவிட்டு உட்கார்ந்தபோது நீ கூப்பிட்டாய். இங்கே ஏழு மணி, அங்கே உனக்குப் பத்தரை. "அம்மா, டிவியப் போடாத. பயப்படாத. நான் ரூம்லதான் இருக்கேன்" என்றாய். டிவியைப் போடாதே என்று சொன்னால் எந்த அம்மா போடாமல் இருப்பாள்? பரவை மார்க்கெட்டிலிருந்து வந்து குளித்துக்கொண்டிருந்த அப்பா ஈரத்துண்டோடு ஓடிவந்தார். உங்கள் ஜனாதிபதி ராணுவச் சட்டம் அறிவித்துவிட்டாராம். ஹெலிகாப்டர் இறங்குகிறது, துப்பாக்கி வைத்த சிப்பாய்கள் நாடாளுமன்றத்து ஜன்னல் கண்ணாடியை உடைக்கிறார்கள். வெளியே ஜனங்கள் ராணுவ வண்டிக்குக் குறுக்கே நிற்கிறார்கள். கோட்டு சூட்டு போட்ட எம்பிக்கள் சுற்றுச்சுவரில் காலைத் தூக்கிப்போட்டு உள்ளே குதிக்கிறார்கள், அதில் தலை நரைத்த ஆட்களும் இருந்தார்கள். "இவுகளெல்லாம் எதுக்குடி சொவரேறிக் குதிக்கிறாக?" என்றார் அப்பா. "ஓட்டுப் போடப் போறாகளாம்" என்றேன். சொன்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஓட்டுப் போடுவதற்காகச் சுவர் ஏறுகிறவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. ஓட்டுப் போடாமல் தப்பிக்க வேன் ஏறின ஒருத்தியை நன்றாகத் தெரியும். அன்றைக்குக் குக்கர் தீய்ந்துபோய், நாங்கள் இருவரும் பன்னும் பாலும் சாப்பிட்டோம்.

விடிவதற்குள் அந்தச் சட்டத்தை வாபஸ் வாங்கிவிட்டார்கள் என்று நீ சொன்னதும் பெரிய கண்டம் தாண்டிவிட்டது என்று நினைத்தேன். அந்தச் சனிக்கிழமை வரைதான் அந்த நிம்மதி. சாயங்காலம் நீ வீடியோவில் வந்தாய். பின்னால் கடல் மாதிரி கூட்டம், கையில் பச்சையும் நீலமுமாக மினுக்குகிற விளக்குகள். பாட்டுக் கச்சேரிக்கு ஆட்டுகிற விளக்காம், கோஷத்துக்கும் அதையே ஆட்டுகிறார்கள் என்றாய். உன் கையில் சூடான காப்பி. யாரோ முகம் தெரியாத மனுஷர் கடையில் முன்பணம் கட்டிவைத்துவிட்டு, கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுங்கள் என்று சொல்லிப் போயிருக்கிறாராம். உன் மூக்கு சிவந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு பெண் குல்லாய் போட்டுக்கொண்டு எனக்குக் கையசைத்தாள். "லேப் ஃபிரெண்டும்மா, பேரு சூஜின்" என்றாய். லேப் ஃபிரெண்டுக்காக ஒருத்தன் அந்தக் குளிரில் மணிக்கணக்காக நிற்பானா என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. விசா மட்டும்தான் மண்டையில் ஓடியது. வெளிநாட்டு ஆட்கள் அங்கே அரசியலில் தலையிட்டால் நாட்டை விட்டே அனுப்பிவிடலாம் என்று உன் சித்தப்பா எங்கேயோ படித்துவிட்டு வந்து அரை மணி நேரம் பயமுறுத்திவிட்டுப் போயிருந்தார்.

நீ ஒரே ஆவேசமாகப் பேசினாய். ஜனாதிபதியைப் பதவியிலிருந்து இறக்க ஓட்டெடுப்பு நடக்கிறது, அவர் கட்சிக்காரர்கள் ஒட்டுமொத்தமாக எழுந்து வெளியே போய்விட்டார்கள், ஆள் குறைந்தால் தீர்மானம் தானாகச் செத்துவிடும் என்றாய். உள்ளே இருக்கிறவர்கள் வெளியே போனவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்துத் திரும்பி வரச் சொல்கிறார்கள் என்றாய். "நூறு பேருக்கு மேலம்மா. ஒவ்வொருத்தர் பேரையும் கூப்புடுறாங்க. வெளிய நாங்களும் சேந்து கத்துறோம். ஓட்டுப் பெட்டிய மூடாம காத்திருக்காங்க. ரெண்டு மூணு பேருதாம்மா திரும்பி வந்திருக்காங்க." நான் குறுக்கே விழுந்தேன். "நாங்களும்னு என்னடா சொல்ற? ஊரான் வீட்டு ரோதனைக்கு நீ எதுக்குத் தொண்டையக் கிழிக்கிற? விசாவப் புடுங்கி அனுப்பிவிட்டான்னா உன் படிப்பென்ன, எங்க கெதி என்ன?" அதற்கு நீ கேட்டாய், "நீயும்தானம்மா கவுன்சிலரா இருந்த? ஓட்டு நேரத்துல வெளிய போறவன நீ என்னன்னு சொல்லுவ?"

நான் ஃபோனை வைத்துவிட்டேன். விசாவுக்காகக் கோபப்பட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டாய். அது பாதிதான். மீதிக் கதைக்கு இப்போது வருகிறேன்.

நான் ஒன்றிய கவுன்சிலராக நின்றதே நம் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால்தான். அப்பா நிற்க வேண்டிய இடத்தில் என் பெயரைப் போட்டார்கள். ஜெயித்தபிறகுதான் ஒன்றியம் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டேன். தெரியவைத்தவள் பாண்டியம்மாள். உனக்கு அவளை லேசாக ஞாபகம் இருக்கலாம். காலனியிலிருந்து வந்த கவுன்சிலர், நல்ல உயரம், சத்தமாகச் சிரிப்பாள். அவள் அம்மா அப்பா நம் ஆட்களின் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவள் எட்டாவது வரை படித்தவள், ஆனால் அரசாங்கக் காகிதத்தை அவளை மாதிரி வாசிக்கிற ஆள் எங்கள் கூட்டத்தில் இல்லை. இருவரும் ஒரே பஸ்ஸில் போவோம், ஒரே சீட்டில் உட்காருவோம். ஊருக்குள் இறங்கியதும் அவள் வேறு, நான் வேறு. நம் வீட்டுக்கு வந்தால் வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பேசிவிட்டுப் போவாள். உள்ளே வா என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் அதை எதிர்பார்க்கவில்லை என்று நானாக நினைத்துக்கொண்டேன், அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அப்போதிருந்த ஒன்றியத் தலைவர் காலனிக்கு வரவேண்டிய தண்ணீர்க் குழாயைத் தன் தென்னந்தோப்பு வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டார். காலனிப் பெண்கள் கண்மாய்க்கு அப்பால் இருந்த கிணற்றுக்குக் குடத்தோடு நடந்துகொண்டிருந்தார்கள். பாண்டியம்மாள் ஊர் ஊராகப் பஸ் ஏறி, கவுன்சிலர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, தலைவர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் கையெழுத்து வாங்கினாள். கடைசிக் கையெழுத்து என்னுடையது. நம் வீட்டு கேட்டின் மேல் காகிதத்தை வைத்துத்தான் போட்டேன். "வெள்ளிக்கிழம பதினோரு மணிக்கு ஓட்டெடுப்புக்கா. சரியா எண்ணி வச்சிருக்கேன், ஒரு கை கொறஞ்சாலும் போச்சு. வந்துருவீகள்ல?" என்றாள். "இதென்ன கேள்வி பாண்டியம்மா? கண்டிப்பா வாரேன். நீ கவலப்படாத" என்றேன். அந்த நிமிஷத்தில் மனசாரத்தான் சொன்னேன்.

மறுநாள் தலைவருடைய மச்சான் வந்தார். மிரட்டவில்லை, அதட்டவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டே, "தம்பி எங்க படிக்கிறாப்ல?" என்று கேட்டார். நீ உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் ரெண்டாவது முடித்திருந்தாய். டவுனில் நல்ல இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஒன்றில் உன்னைச் சேர்க்க அப்பா மூன்று தடவை போய் வாசலோடு திரும்பிவந்திருந்தார். மச்சானுக்கு அது தெரிந்திருந்தது. "திங்கக்கிழம கூட்டிட்டுப் போயிச் சேத்துருங்க, நான் சொல்லிட்டேன். அதுக்கு முந்தி ரெண்டு நா சும்மா குற்றாலம் போயிட்டு வாங்க. சாரல் ஆரம்பிச்சிருச்சாம், தம்பிக்குக் குளிக்கப் புடிக்கும்" என்றார். நம் பக்கத்தில் இதற்கு டூர் என்று பெயர். ஓட்டெடுப்பு வந்தால் கவுன்சிலர்களை வேனில் ஏற்றி எங்கேயாவது கொண்டுபோய்ச் சோறு போட்டு வைத்திருப்பார்கள், முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள்.

அப்பா சொன்னதால் போனேன் என்று தப்பித்துக்கொள்ளலாம். அவர் சொல்லவில்லை. "ஓட்டு ஒன்னோடது. நீயே முடிவு பண்ணிக்க" என்று சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். நான்தான் முடிவு பண்ணினேன். உன் இரண்டு சட்டையை மடித்து வைத்தேன், நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்துவைத்தேன். வேனில் இருந்த நாலு மாமாக்களை உனக்கு ஞாபகம் இருக்கும். அவர்களும் கவுன்சிலர்கள்தான், ஏற்கெனவே தலைவரின் ஆட்கள், யாரும் மனசைக் கலைத்துவிடாமல் இருக்கக் கூட்டிவந்தார்கள். தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேனில் ஏறியவள் நான் ஒருத்திதான். செல்ஃபோன் வைத்திருந்த இரண்டு பேரிடமும் மச்சான் அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் உனக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தார்கள், குற்றாலத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் கண்ணாடி. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நீ அருவியில் நின்று கத்திக்கொண்டிருந்தாய். நான் பெண்கள் பக்கத்தில் நின்றேன். அழுதேன் என்று இப்போது எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அது பொய். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் குளித்தேன். மதியம் பரோட்டா சாப்பிட்டேன். நீ என் மடியில் தூங்கினாய்.

தீர்மானம் ஒரு கையில் தோற்றது. ஊர் திரும்பியதும் பாண்டியம்மாளுக்கு என்ன சொல்லி அனுப்பினேன் தெரியுமா? உனக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டோம் என்று. அருவியில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு நானே காய்ச்சலை வரவழைத்தேன். திங்கட்கிழமை உன்னைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். நீ அங்கே படித்தது, பிறகு காலேஜ், கொரியா, பேட்டரி ஆராய்ச்சி எல்லாம் அந்தத் திங்கட்கிழமையிலிருந்து வந்தவை. அந்தப் பள்ளிக்கூடம் இல்லாவிட்டாலும் நீ படித்திருப்பாய், உன் தலை அப்படி. ஆனால் இப்படித்தான் வந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இதில் உன் தப்பு ஒரு கடுகளவும் இல்லை. தலைவர் மீதமிருந்த காலத்தையும் முழுசாக ஓட்டினார். காலனிக்குத் தண்ணீர் வர அடுத்த தேர்தல் வரவேண்டியிருந்தது. நாம் அதற்குள் உன் படிப்புக்காகத் திருப்பரங்குன்றத்துக்குக் குடிவந்துவிட்டோம். பாண்டியம்மாளை நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை என்பதில் எனக்கு இருந்த நிம்மதியை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அந்தச் சனிக்கிழமை நீ கேட்ட கேள்வி எங்கே போய்க் குத்தியது என்று புரிந்திருக்கும். அடுத்த வாரமே திரும்ப ஓட்டெடுப்பு நடத்தி அவரை இடைநீக்கம் செய்துவிட்டார்கள், விஷயம் கோர்ட்டுக்குப் போனது என்று நீ மெசேஜ் அனுப்பினாய். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பினேன். பிறகு நாம் இரண்டு பேரும் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்", "குளிரா", "ஆமா" என்று மூன்று மாதம் ஓட்டினோம். மார்கழியில் அங்கே பனியில் ஜனங்கள் வெள்ளித்தாள் போர்வையைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்த படம் வந்தது. அதில் நீ இருக்கிறாயா என்று ஃபோனைப் பெரிசாக்கிப் பெரிசாக்கித் தேடினேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் நீ மறுபடியும் அந்தக் கேள்வியைக் கேட்பாய் என்று பயம். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டில் பேச்சு "சாப்பிட்டியா"வில் வந்து நின்றுவிட்டால் யாரோ ஒருவர் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம். சண்டை போடு, அல்லது சொல்லிவிடு. நம்மை மாதிரி சாப்பாட்டைக் கேட்டுக்கொண்டே காலத்தைத் தள்ளாதே.

தீர்ப்பு வந்த பங்குனிக் காலையை மறக்க மாட்டேன். இங்கே எட்டு மணி அடிக்கப் போகிறது. அப்பா மார்க்கெட்டுக்கே போகாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். மனுஷருக்கு உங்கள் ஊர்க் கட்சிகள், கோர்ட்டு எல்லாம் மனப்பாடம் ஆகியிருந்தது. மார்க்கெட்டில் தக்காளிக் கூடையை வைத்துக்கொண்டு கொரிய அரசியல் பேசுகிற ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். "எட்டு பேரும் ஒரே தீர்ப்புடி, பதவி காலி!" என்று எழுந்து நின்றுவிட்டார். அந்த நிமிஷமே உன் வீடியோ அழைப்பு. நீயும் சூஜினும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதீர்கள், சுற்றி எல்லோரும் குதிக்கிறார்கள். நீ என்னிடம் பேச மறந்தே போய்விட்டாய், ஃபோன் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த வானத்தைப் பார்த்தபடி நானும் அழுதேன். உன்னை யாரும் பிடிக்கவில்லை, விசா போகவில்லை, துப்பாக்கி வெடிக்கவில்லை, உனக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் அன்றைக்கு இறங்கியது. அப்போதுதான் தெரிந்தது, அதற்கு அடியில் இன்னொரு பழைய கல் கிடக்கிறது என்று.

வைகாசியில் தேர்தல் முடிந்து புது ஜனாதிபதி மறுநாளே பதவியேற்றுவிட்டார். "எல்லாமே மாறிருச்சும்மா" என்று துள்ளினாய். சந்தோஷப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் அஞ்சு வருஷம் ஒன்றியத்தில் உட்கார்ந்தவள். ஆள் மாறியதும் கொட்டு மேளம் அடிப்பார்கள், மாலை போடுவார்கள். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தபிறகு மேளத்தைப் பற்றி யோசிக்கலாம். சூஜினிடமும் சொல். ரோட்டில் நின்று ஆளை இறக்கியவர்கள் புது ஆளையும் அதே கண்ணோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக்கும் அதேதான். "இனிமே பாரு, நான் மாறிட்டேன்" என்று நீ அவளிடம் சொல்கிற நாள் வரும், உன் அப்பா எனக்கு மாதம் ஒரு தடவை சொல்வார். அவள் உடனே நம்பாவிட்டால் கோபித்துக்கொள்ளாதே.

உன் குரல் பதிவு வந்த மூன்றாம் நாள் பத்திரிகை அச்சாகி வந்தது. முருகன் சந்நிதியில் வைத்து எடுத்ததும், முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அப்பா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். பாண்டியம்மாள் அதே காலனியில்தான் இருக்கிறாள். மகள் டீச்சர், நல்ல வீடாகக் கட்டியிருக்கிறாள். வாசலில் குழாய் இருக்கிறது. நான் படி ஏறத் தயங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்கக்கா" என்றாள். தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன். பத்திரிகையை நீட்டுவதற்கு முன்னால், "பாண்டியம்மா, அன்னைக்கு எம்மகனுக்குக் காய்ச்சல் இல்ல. நான் குற்றாலம் போயிட்டேன்" என்றேன். பஸ்ஸில் வரும்போது பேசிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை, இதுதான் வந்தது.

"தெரியும்" என்றாள். "தம்பிக்குக் காய்ச்சல்னு சொன்னீகளேன்னு ஞாயித்துக்கிழம பாக்க வந்தேன். நீங்க உள்ள இருந்தீக. புள்ள வாசல்ல மஞ்சக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஆடிக்கிட்டிருந்துச்சு. காய்ச்சல் விட்டுருச்சாய்யான்னு கேட்டேன். 'நாங்க குற்றாலத்துல குளிச்சோமே'ன்னு சிரிச்சுச்சு. புள்ள கன்னத்தத் தட்டிட்டுப் போயிட்டேன்." தம்பி, அன்றைக்கு அவளிடம் உண்மையைச் சொன்னவன் நீ. நம் வீட்டில் உண்மை பேசிய ஒரே ஆளும் நீதான்.

பிறகு அவள் திட்டினாள். மெதுவாக, அடுக்கடுக்காக, கை விரலைக்கூட நீட்டாமல். ஓட்டெடுப்பில் அதிகாரி என் பெயரைக் கூப்பிட்டபோது அவள் எழுந்து நின்று, "வந்துக்கிட்டிருக்காக சார், வாக்குத் தவற மாட்டாக, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவரும் பொறுத்திருக்கிறார். இவள் வெயிலில் ரோட்டுக்கு ஓடிவந்து இரண்டு பஸ் வருகிறவரை நின்று, இறங்குகிற பெண்களின் முகத்தையெல்லாம் பார்த்திருக்கிறாள். உள்ளே திரும்பி வந்தபோது தலைவரின் ஆட்கள் சிரித்திருக்கிறார்கள். "நீங்க ஓட்டுப் போடலேங்குறது எனக்குப் பெருசில்லக்கா. புள்ள படிப்புன்னா நானும் தடுமாறியிருப்பேனோ என்னமோ. வரமாட்டேன்னு முதநா ஒரு வார்த்த சொல்லியிருந்தீகன்னா நான் வேற ஒரு ஆளப் புடிச்சிருப்பேன். வாரேன்னீக பாருங்க, அதத்தான் என்னால செமிக்க முடியல" என்றாள். "மன்னிச்சிரு" என்று மட்டும் சொன்னேன். அதற்கு அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள்.

உனக்கு நான் சொல்ல விரும்புகிற புத்திமதி முழுவதும் அவள் வாயிலிருந்து வந்ததுதான். முடியாதென்றால் முதல்நாளே சொல்லிவிடு. பெண்டாட்டியிடமும் சரி, சிநேகிதனிடமும் சரி, உங்கள் ஊர்க் கூட்டத்திலும் சரி. நீ வருவாய் என்று நம்பி ஒருத்தி வெயிலில் போய் நிற்கக்கூடாது. நல்லவனாக இருக்க முடியாத நாள் எல்லோருக்கும் வரும். அந்த நாளிலும் மற்றவர்களுக்கு ஒரு நாள் அவகாசம் கொடுக்கலாம். எனக்கு அது அப்போது தெரியவில்லை.

குற்றாலத்துக்குத் தாராளமாகப் போ. நீ குளித்தது சத்தியமாக நல்ல குளியல், அந்தச் சந்தோஷத்தை உன்னிடமிருந்து பிடுங்க நான் இதை எழுதவில்லை. லாட்ஜ் இன்னும் இருக்கிறதாம், அப்பா விசாரித்துவிட்டார். கதையைச் சூஜினிடம் சொல்லும்போது மட்டும் முழுசாகச் சொல். காலனியிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வரும்போது எனக்குக் கால் லேசாக இருந்தது. இந்த வயசில், அந்த வெயிலில், பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தேன் என்றால் நம்புவாயா? மன்னிப்புக் கிடைத்ததால் இல்லை, அது கிடைக்கவே இல்லை. சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

கிளம்பும்போது பத்திரிகையை அவள் கையில் கொடுத்து, "கல்யாணத்துக்குக் கட்டாயம் வரணும்" என்றேன். வாங்கி, தேதியைப் பார்த்து, டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். "வச்சுட்டுப் போங்க. வாரேன்னு இப்பச் சொல்ல மாட்டேன். வந்தா வருவேன்" என்றாள். நியாயம்தான் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். உன்னிடமும் அதே நியாயத்தைத்தான் கேட்கிறேன். இதைப் படித்த கையோடு ஃபோன் போட்டு, "பரவாயில்லம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று வாக்குக் கொடுத்துவிடாதே. கோபம் வந்தால் கோபப்படு, பேசாமல் இருக்கத் தோன்றினால் நாலு நாள் பேசாமல் இரு. ஊருக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து, அப்புறம் முடிவு பண்ணு. நான் வீட்டில்தான் இருப்பேன், எங்கேயும் போக மாட்டேன்.

அம்மா